கொலுப்படியில் ஒரு தர்ணா

எங்கள் பிளாக்கின் மொட்டைமாடித் தண்ணீர் டேங்கில் குரங்கு விழுந்ததே, அந்த வருஷம்தான் நான் டிவியில் வந்தேன். வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் நான். ஆனால் குரங்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதைத் தூக்க ஆட்கள் வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். கடைசியில் குரங்கு தானே ஏறி வெளியே வந்து, துணிக்கொடியில் கிடந்த யாருடைய பனியனிலோ தலையைத் துவட்டிக்கொண்டு போனது. அப்புறம் ரொம்ப நாளைக்கு மயூர் விஹாரில் எங்கள் பிளாக்காரர்கள் டேங்க் தண்ணீரில் பல்கூடத் துலக்கவில்லை.

அந்தக் குரங்குக்கும் என் கதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது விழுந்த அதே நவராத்திரியில்தான் நானும் விழுந்தேன், அவ்வளவுதான். அது விழுந்ததை யாரும் படம் எடுக்கவில்லை. நான் விழுந்தது நேரலை.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல, கீழ்வீட்டு வேதமூர்த்தி சார் எழுதுகிறார். மத்திய சர்க்காரில் ஃபைல் எழுதியே ரிட்டயர் ஆனவர். நான் 'கெடந்தேன்' என்றால் அவர் 'கிடந்தேன்' என்று போடுவார். கதை என்னுடையது, இலக்கணம் அவருடையது. (சிரிக்காதீங்க சார், இதையும் சேத்து எழுதுங்க.)

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சண்டையே அதைப் பற்றித்தான்.

மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு பால்கனி. பால்கனியை அடைத்து மூன்றாவது அறை ஆக்கியாயிற்று. (டில்லியில பால்கனிய பால்கனியாவே விட்டு வெச்சவன் எவன் இருக்கான்?) வீட்டில் நான், என் மருமகள் சுனிதா, பேத்தி தாரா, ஷகிலா ஆப்பா.

மகன் எங்கே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். அவன் புனேயில் வேறு வீட்டில், வேறு பெண்டாட்டியோடு இருக்கிறான். அவன் போன அன்றைக்கு, "அம்மா வீட்டுக்குப் போறியாம்மா?" என்று சுனிதாவைக் கேட்டேன். கட்வால் மலையில் அவள் அம்மா வீடு இருக்கிறது. அவள், "நான் போனா உங்களுக்கு யாரு ரொட்டி பண்ணும், பாபுஜி?" என்றாள்.

ஆர்.கே.புரத்தில் ஆபீஸ் கேன்டீனில் ஆயுசு முழுக்க அடுப்படியில் நின்றவன் நான். எனக்கு ஒருத்தர் சமைத்துப் போட வேண்டாம். ரொட்டியே எனக்கு இறங்காது, நான் சோறு தின்கிறவன். ஆனால் போகாமல் இருப்பதற்கு அவள் ஒரு காரணம் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். அதைப் போய்த் தட்டிவிடலாமா? "ஆமாம்மா, ரொட்டி இல்லாம எப்படி?" என்றேன். அன்றையிலிருந்து ரொட்டி தின்கிறேன்.

ஷகிலா ஆப்பா ஆம்பூர்க்காரர், தையல்காரர். (ஆப்பான்னா உருதுல அக்கா, வீட்ல எல்லாரும் அப்டித்தான் கூப்புடுறோம்.) பால்கனி அறைக்கு வாடகைக்கு வந்தவர்தான். சுனிதா ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போவாள், நானும் அப்போது கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாராவுக்குப் பல் முளைக்கிற வயசு. அவள் அழுகிற சத்தத்தில் தன்னால் நேராகத் தைக்க முடியவில்லை என்று ஆப்பா சண்டைக்கு வந்தார். வந்தவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டார். அதற்கப்புறம் இறக்கவே இல்லை. சீக்கிரமே அடுப்பு ஒன்றாகிவிட்டது, கொஞ்ச நாளில் வாடகை என்ற பேச்சும் நின்றுபோனது. அவர் என்னை அண்ணே என்பார். ஒரு ரம்ஜானுக்கு நானும் நோன்பு பிடிக்கிறேன் என்று அவரிடம் பீற்றிக்கொண்டேன். காலை டீ வண்டி மணியடித்ததுமே மறந்துபோய் ஓடிவிட்டேன். அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்.

இதுதான் எங்கள் வீடு. எங்களுக்குள் இதில் ஒரு குழப்பமும் கிடையாது. குழப்பமெல்லாம் டிவியிலிருந்துதான் வந்தது.

தாரா கார்ட்டூன் பார்ப்பாள், நானும் கூடவே உட்கார்ந்து பார்ப்பேன். (பொய் சொல்வானேன், அவ தூங்கினப்புறமும் பாப்பேன்.) எலி வீட்டில் அப்பா எலி, அம்மா எலி, அண்ணன் எலி, தங்கச்சி எலி. டைனோசர் வீட்டிலும் அதே அச்சு. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போகும், அம்மா கரண்டியோடு நிற்கும். தாத்தா வந்தால் பக்கத்திலேயே பாட்டியும் வரும், சைக்கிளுக்கு ஸ்டாண்டு மாதிரி. ஒன்றில் மோட்டார் காரெல்லாம் பேசும். அதிலும் அப்பா கார், அம்மா கார், குட்டிக் கார். மோட்டாருக்கு ஏதய்யா அப்பா?

ஒரு நாள் தாரா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். ஷூவைக் கழற்றவில்லை, பையை இறக்கவில்லை.

"தாத்தா, ஹாஃப் ஃபேமிலின்னா என்ன?"

"யாரு சொன்னா?"

"அனன்யா. கிளாஸ்ல ஃபேமிலி டிராயிங் பண்ணோம். நான் நம்ம நாலு பேரையும் வரைஞ்சேன். மம்மி, டாடி, தாத்தா, பாட்டி எல்லாரும் இருந்தாத்தான் ஃபுல்லாம். டிவில அப்டித்தான் வருதாம். நம்மது ஹாஃபாம்."

"அவ கெடக்கா."

"ஆனா டிவில நம்ம மாதிரி வீடு வரவே இல்லையே, தாத்தா. ஏக் பார் பி நஹீ, ஒரு தரம்கூட வரல."

கேன்டீனில் டைரக்டர் சாம்பாரில் பல்லி என்று கத்தினபோதுகூட எனக்குப் பதில் வந்தது. (பல்லி இல்ல அது, முருங்கைக்கா நாரு.) இப்போது குனிந்து அவள் ஷூவைத்தான் கழற்றினேன்.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்ச் சங்கத்தில் ஒரு செய்தி வந்தது. குழந்தைகள் சேனல் ஒன்று நவராத்திரிக்கு விசேஷ நிகழ்ச்சி நடத்துகிறது. டில்லித் தமிழ்ப் பிள்ளைகள் சில பேர் நொய்டா ஸ்டுடியோவுக்கு வரலாம். அவரவர் குடும்பத்தைக் களிமண்ணில் பொம்மையாகச் செய்து எடுத்து வந்து, கொலுவில் வைத்து, 'இதுதான் எங்க குடும்பம்' என்று டிவியில் சொல்ல வேண்டும். தாரா வீட்டுக்குள் ஓடி வந்த வேகத்தில் ஆப்பாவின் தையல் மிஷினில் இடித்துக்கொண்டாள். "டிவில வந்துட்டா அனன்யா பாப்பா, தாத்தா! அப்போ நம்மளும் ஃபுல்லுன்னு தெரியும்!"

அவளுக்கு அதில் வேண்டியது அவ்வளவுதான். பரிசு வேண்டாம், புது ஃப்ராக் வேண்டாம். எங்கள் நாலு பேரும் அந்தப் பெட்டிக்குள் ஒரு தரம் தெரிய வேண்டும்.

கொலு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்னசேலம் பக்கம் எங்கள் வீடுகளில் கொலு கிடையாது. டில்லிக்கு வந்துதான் அதை நான் பார்த்தேன், அதுவும் ஆபீசர் குவார்ட்டர்ஸ் சமையல்கட்டு வழியாக. கேன்டீன்காரனைக் கொலு பார்க்க யார் கூப்பிடுவார்கள்? சுண்டல் செய்து கொடுக்கக் கூப்பிடுவார்கள். கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தே சட்டமெல்லாம் கற்றுக்கொண்டேன். படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். மேல்படியில் கலசம். முக்கியமான சட்டம் ஒன்று உண்டு: படியில் வைத்த பொம்மையை விஜயதசமி முடிகிறவரை எடுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. ஒரு வீட்டில் பூனை ஏறிப் படுத்துக்கொண்டபோது, அதையும் பொம்மையோடு சேர்த்து அப்படியே விட்டுவிட்டார்கள்.

தாரா பொம்மை செய்தாள். சுனிதா பொம்மைக்கு லேப் கோட்டு. ஆப்பா பொம்மையின் முன்னால் குட்டி மிஷின், அதில் நிஜ நூல். தன் பொம்மைக்கு இரண்டு கொண்டை. என் பொம்மை மட்டும் கத்தரிக்காய்க்கு மீசை வைத்த மாதிரி இருந்தது.

"நான் இப்டியா இருக்கேன்?"

ஆப்பா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கத்தரிக்கா கொஞ்சம் லட்சணமா இருக்கு அண்ணே. மத்தபடி நீங்கதான்."

அந்த ரோஷத்தில்தான் மார்க்கெட்டுக்குப் போய் தலைக்கும் மீசைக்கும் மை வாங்கி அடித்தேன். மலிவு மை. கடைக்காரன், "பாபா, பசீனா மத் ஆனே தேனா" என்றான். வேர்க்காமல் பார்த்துக்கொள் என்று அர்த்தம். டிவிக்காரர்களிடம் ஏசி இருக்கும் என்று நினைத்தேன்.

ஏசி இருந்தது. ஆனால் மேடையில் விளக்கு என்று மேலே பத்துப் பதினைந்து சூரியனைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

உள்ளே போனதும் ஒரு பையன் என் முகத்தில் பவுடர் ஒற்றினான். அதோடு எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்து, 'ஏண்டா, நீ கேன்டீன்ல வீணாப் போயிட்டியேடா' என்று சொல்லிக்கொண்டேன். நிகழ்ச்சியை நடத்துகிற பெண் பெயர் நிவேதா. குர்கான் பக்கம் இருந்து வருகிற தமிழ்ப் பெண், ஜீன்ஸ், காதில் மைக். அவளுக்குக் கீழே, மேடையில் நின்று பேசுகிறவள் உடம்பெல்லாம் பச்சைச் சிறகு வைத்துக் கிளி வேஷத்தில் இருந்தாள். குழந்தைகள் அவளைக் கிளி அக்கா என்றார்கள்.

மேடையில் ஒரே பெரிய கொலு. மூன்று படி, பஸ் நீளத்துக்கு. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் கொஞ்ச அகலம். வெள்ளைத் துணி போட்டிருந்ததால் உள்ளே என்ன என்று தெரியவில்லை. (அது தெரிஞ்சிருந்தா இந்தக் கதையே இல்ல.) தாரா தன் நாலு பொம்மையையும் நடுப்படியில் ஒரே வரிசையாக வைத்தாள். "எங்க வீட்ல மேல கீழ கிடையாது" என்று கிளி அக்காவிடம் சொன்னாள்.

எங்களை டீ குடிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் குடும்பம் மாறிப்போயிருந்தது.

மேல்படியில் நானும் ஆப்பாவும் ஜோடியாக நின்றோம். தையல் மிஷினைக் காணோம். ஆப்பா பொம்மை நெற்றியில் சிவப்பாக ஒரு பெரிய பொட்டு. நடுப்படியில் சுனிதா, பக்கத்தில் யாரோ ஒரு ஆள், கோட்டும் டையும் போட்டு, கல்யாண செட்டு மாப்பிள்ளைப் பொம்மை. கீழ்ப்படியில் தாரா தனியாக.

ஆப்பாவுக்கு முதலில் மூச்சே வரவில்லை. அப்புறம் வந்தது.

"என் நெத்தியில எவன்டா பொட்டு வெச்சவன்? தௌபா தௌபா! நான் வாய் நெறைய அண்ணேன்னு கூப்புட்ற மனுஷனோட என்னை ஜோடி சேக்குறீங்களா? அதுவும் இந்தக் கத்தரிக்காயோட?"

"ஆப்பா, கத்தரிக்காய இப்ப ஏன் இழுக்குறீங்க?" என்றேன்.

சுனிதா கோட்டுப் பொம்மையைச் சுட்டிக் காட்டி, "யே கோன் ஹை? இது யாரு?" என்றாள். அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. அவள் மெதுவாகப் பேசினால் நான் வீட்டில் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன்.

நிவேதா ஓடி வந்தாள். கெட்ட பெண் இல்லை, பாவம். "அங்கிள், ப்ளீஸ். குட்டீஸ் பாக்குற ஷோ. தாத்தா பாட்டி மேல, அம்மா அப்பா நடுவுல, குழந்த கீழ. சேனல் அப்டித்தான் கேக்குறாங்க. இல்லேன்னா பாக்குற குழந்தைங்க கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க."

"எங்க வீட்டுக் குழந்த கன்ஃப்யூஸ் ஆவலையே. ஒம்பொம்மையப் பாத்துதான் இப்ப முழிக்குது."

"டயமே இல்ல அங்கிள், நேரலை. லைட்டிங் எல்லாம் முடிஞ்சாச்சு."

நான் என் பெரிய துருப்பை இறக்கினேன். "நவராத்திரியில படியில வெச்ச பொம்மைய எடுக்கக் கூடாது, தெரியுமா? பாப்பா வெச்சத நீங்க எப்டி எடுத்தீங்க?"

அவள் தலையை ஆட்டினாள். "கரெக்ட் அங்கிள். இப்ப நாங்க வெச்சாச்சு. இனிமே எடுக்கக் கூடாது. நீங்களே சொல்றீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் சட்டத்தை வைத்தே என்னைக் கட்டிப்போட்டுவிட்டாள்.

தாரா காணாமல் போன மிஷினைத் தேடி மேசைக்கு அடியில் எல்லாம் பார்த்தாள். கிடைக்கவில்லை. வந்து தன் இடத்தில் நின்றுகொண்டாள். "சோடோ பாபுஜி, விடுங்க, வீட்டுக்குப் போலாம்" என்று சுனிதா என் சட்டையை இழுத்தாள். ஆனால் குழந்தை மேடையில் நிற்கிறதே. அதற்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது, பாட்டு போட்டார்கள், நேரலை ஆரம்பித்துவிட்டது.

கிளி அக்கா சிறகை ஆட்டிக்கொண்டு ஒவ்வொரு குழந்தையாக வந்தாள். தாராவிடம் வந்ததும், "வாவ், தாரா குட்டி! உங்க ஃபேமிலிய அறிமுகப்படுத்துங்க பாக்கலாம். இதோ கோட்டு போட்டு ஸ்டைலா நிக்கிறாரே, இவர் யாரு?"

தாரா பொம்மையைப் பார்த்தாள். "தெரியாது."

கிளி அக்கா சிரித்தாள். "அப்பா செல்லம், அப்பா!"

"இல்ல. எங்கப்பா கோட்டு போட மாட்டாரு. எங்கப்பா எங்க வீட்லயும் இல்ல. புனேல இருக்காரு. இது யாரோ அங்கிள்."

"ஓ... சரி, மேல பாட்டி இருக்காங்களே, ஸ்வீட் பாட்டி!"

"பாட்டி இல்ல, ஆப்பா. ஆப்பாவோட மிஷின நீங்க எடுத்துட்டீங்க." படியைக் காட்டினாள். "நான் வெச்சது இது இல்ல."

கேமராவுக்குப் பின்னால் நிவேதா கையை வேகமாகச் சுற்றினாள், அடுத்த குழந்தைக்குப் போ என்று. கிளி போகத் திரும்பியது.

அப்போதுதான் என் கால் தானாக நடந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். டில்லியில் இத்தனை வருஷம் இருந்தவனுக்கு ஒரு வித்தை கண்டிப்பாகத் தெரிந்திருக்கும்: உட்காருவது. கேன்டீன் ஆட்களுக்குக் குளிருக்கு ஸ்வெட்டர் தரமாட்டேன் என்று ஒரு தரம் சொன்னார்கள். ஆபீஸ் கேட்டுக்குக் குறுக்கே சாக்கை விரித்து உட்கார்ந்தோம். மணிக்கணக்கில் பேசினபோது கிடைக்காத ஸ்வெட்டர் உட்கார்ந்ததும் கிடைத்தது. எனக்குப் பேச்சு வராது, எழுத்து வராது. உட்காரத் தெரியும். (சார், 'உட்காரத் தெரியும்' கீழ ஒரு கோடு போடுங்க.)

நான் விளக்குக்குள் நடந்து போனேன். கீழ்ப்படியில் தாரா பொம்மை தனியாக நின்றதே, அதன் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது. வேட்டியை மடித்துக்கொண்டு சம்மணம் போட்டு அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

கிளி மிரண்டது. "தா... தாத்தா! படியில பொம்மைங்க மட்டும்தான்!"

"நானும் பொம்மதான்."

"தாத்தா, ப்ளீஸ், எறங்குங்க."

"எறங்க முடியாதும்மா. படியில வெச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் எடுக்கக் கூடாது. ஒங்க மேடம்தான் சொன்னாங்க."

பார்க்க வந்திருந்த சங்கத்து மாமிகள் வரிசையிலிருந்து, "அது நியாயம்தானே" என்று ஒரு குரல் வந்தது. அந்த மாமி யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் அவருக்கு ஒரு அண்டா சுண்டல் செய்து கொடுப்பேன்.

நான் கேமராவைப் பார்த்தேன். எந்தக் கேமரா என்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்த்தேன். "எங்க வீடு ஹாஃப் இல்ல" என்றேன். பெரிய பேச்சு பேசலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து உதட்டில் கசப்பாக ஏதோ பட்டது. மீசை மை. சூட்டில் உருகி, பவுடர் மேல் கறுப்புக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. முன் வரிசையில் ஒரு சின்னக் குழந்தை, "பூத்! பூத்!" என்று அலறியது. பேய் என்று அர்த்தம்.

ஆப்பா மேடைக்கு வந்தார். என்னைக் கூட்டிப் போக வருகிறார் என்று நினைத்தேன். மேல்படியை எட்டி, தன் பொம்மை நெற்றியைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தார். அப்புறம் அவரும் கீழ்ப்படியில் உட்கார்ந்தார், என்னை விட்டு ரொம்பத் தள்ளி.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க அண்ணே. பக்கத்துல ஒக்காந்தா மறுபடி ஜோடின்னுடுவானுங்க."

இதுவும் நேரலையில் போனது.

சுனிதா ஓடி வந்து, "உட்டோ பாபுஜி, உட்டோ! நீங்க எழுந்துடு! எல்லாரும் பாக்குது!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தபோது அவள் முகத்துக்கு நேராக நடுப்படியில் கோட்டு ஆசாமி நின்றான், அவள் பொம்மை தோளை உரசிக்கொண்டு. அவள் அவனைப் பார்த்தாள். என் கையை விட்டாள். துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு, எனக்கும் ஆப்பாவுக்கும் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

தாரா எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். முகம் விரிந்தது. ஓடி வந்து என் மடியில் குதித்தாள்.

அந்த வெள்ளைத் துணிக்குள் பலகை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தெர்மாகோல். மேலே மட்டும் பிஸ்கட் மாதிரி ஒரு பிளைவுட்.

முதலில் 'கிரீச்' என்றது. ஆப்பா, "யா அல்லா" என்றார். சுனிதா, "ஹே ராம்" என்றாள். நான் முருகா என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. கீழ்ப்படி உடைந்து, அதன் மேல் நடுப்படி சரிந்து, மேல்படி கலசத்தோடு வந்தது. பக்கத்தில் வைத்திருந்த சுண்டல் தாம்பாளம் பறந்தது. கடலை பட்டுச் சறுக்கிக் கிளி இரண்டு சிறகையும் விரித்தபடி உட்கார்ந்தது. நான் மல்லாக்க, வேட்டி ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். கண்ணைத் திறந்தால் என் நெஞ்சு மேல் கலசத் தேங்காய். கோட்டு ஆசாமி சுண்டலுக்குள் குப்புறக் கிடந்தான்.

கேமராவில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் திகைத்துப் போனதில், அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

தாரா எழுந்தாள். தெர்மாகோல் துகள் தலையெல்லாம் பனி மாதிரி. குனிந்து ஒவ்வொரு பொம்மையாகப் பொறுக்கினாள். கிளி கையிலிருந்து உருண்ட மைக்கை எடுத்துக்கொண்டாள்.

"இது எங்க மம்மி, சுனிதா. ஆஸ்பத்திரில ரத்தம் டெஸ்ட் பண்ணுவாங்க. இது ஆப்பா. ஆப்பாதான் எனக்கு ஜடை போடுவாங்க, திட்டுவாங்க, மிஷின் ஓட்ட விடமாட்டாங்க. இது நானு. இது எங்க தாத்தா." கீழே கையைக் காட்டினாள். "தோ, கீழ விழுந்து கெடக்காரே, அவருதான். இவ்ளோதான் எங்க ஃபேமிலி. தேங்க்யூ."

நான் படுத்தபடியே கும்பிட்டேன். டிவியில் வந்தால் கும்பிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் குடும்பத்தோடு அவமானப்பட்டோம் என்று போயிருக்கும். பூசா ரோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கியது. "அக்கா, என்னோடதுல வெச்ச பாட்டியும் எங்க பாட்டி இல்ல. எங்க வீட்ல பாட்டியே இல்ல. ரெண்டு அத்தைங்கதான். ஒரு அத்தைய எடுத்துட்டாங்க." உடனே இன்னொன்று: "எங்க தம்பியவும் மாத்திட்டாங்க! எங்க தம்பி வீல்சேர்ல இருப்பான். வீல்சேர் எவ்ளோ நல்லா பண்ணேன் தெரியுமா?" அப்புறம் ஆளாளுக்குச் சரிவில் ஏறித் தேடினார்கள். தங்களுடையதை எடுத்துக்கொண்டு, தங்களுடையது இல்லாததை ஓரமாக வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேடை ஓரத்தில் யாருக்கும் சொந்தமில்லாத கோட்டு அப்பாக்களும் கொண்டை போட்ட பாட்டிகளும் வரிசையாக நின்றார்கள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி.

அப்போதுதான் யாருக்கோ புத்தி வந்து பாட்டு போட்டார்கள்.

நிவேதா மறுநாள் போன் செய்தாள். "அங்கிள், நீங்க ஒரு சாரி மட்டும் சொன்னா போதும். ஃபோன்லயே ரெகார்ட் பண்ணிக்கிறேன். மேல ரொம்ப கோவமா இருக்காங்க."

"ஒன்னத் திட்டினா சொல்லு, நான் வந்து ஒனக்காகப் பேசுறேன். ஒடஞ்ச படிக்கு நானே ஆளக் கூட்டியாந்து நல்ல பலகையா அடிச்சுத் தரேன். சாரி மட்டும் வராது தாயி."

"அட்லீஸ்ட் விழுந்ததுக்காவது..."

"விழுந்ததுக்கு நீதான் கேக்கணும். தெர்மாகோல் ஒன்னோடது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். சங்கத்துக் காரியதரிசியும் வந்தார், இனிமேல் நம்ம பிள்ளைகளை எந்த டிவியில் கூப்பிடுவான் என்று குதித்தார். டீ கொடுத்தேன், குடித்தார். சாரி கொடுக்கவில்லை. "சொல்லிட்டுப் போயேன் பாபுஜி" என்று சுனிதா சாடை காட்டினாள். ஆப்பா உள்ளேயிருந்து, "சொன்னீங்க, இன்னிக்கு ஒங்களுக்குச் சோறு கெடையாது" என்று சத்தமாகச் சொன்னார். இடுப்பு வலியோடு நான் சோற்றின் பக்கம் நின்றேன்.

அந்தச் சேனல் மறுபடி எங்களைக் கூப்பிடவில்லை. எலி வீடும் டைனோசர் வீடும் அதே மாதிரிதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை தாரா பள்ளிக்கூடம் விட்டு வரும் வரைக்கும் நான் மாடிப்படியிலேயே நின்றிருந்தேன்.

"அனன்யா பாத்தாளா?"

"பாத்தா."

"என்ன சொன்னா?"

"உங்க ஃபேமிலி ரொம்ப வெயிட்டுன்னு சொன்னா தாத்தா. அவங்க வீட்ல எல்லாரும் ஒக்காந்தாகூட அப்டி ஒடையாதாம்."

எனக்கு அது போதும். பாதிக் குடும்பத்தால் மூன்று படியை உடைக்க முடியுமா?

இப்போது யாராவது புது ஆள் வீட்டுக்கு வந்து, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, இது யாருக்கு யார் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தால் ஆப்பாவுக்குத் தெரிந்துவிடும். மிஷினை நிறுத்தாமலே, "அண்ணே, ஏறி ஒக்காருங்க, பாத்துட்டுப் போவட்டும்" என்பார். வந்தவருக்குப் புரியாது, நாங்கள் சிரிப்போம். படி யாரால் உடைந்தது என்ற சண்டையும் தீரவில்லை. நான் தாரா குதித்ததால் என்கிறேன். சுனிதா என்னால் என்கிறாள். தாரா ஆப்பாவால் என்கிறாள். ஆப்பா அந்தக் கோட்டுக்காரன் பாரம் என்கிறார்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது குழந்தைகளுக்கு டிவி நிகழ்ச்சி எடுத்தால், இந்தக் கதையை அவர் காதில் போடுங்கள். சிரிக்கச் சிரிக்கச் சொல்லுங்கள். மீசை மை ஒழுகினதை விட்டுவிடாதீர்கள், தேங்காயை விட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்: அந்தக் கிழவனை யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தெரியாமலும் ஏறவில்லை. தானாகத்தான் போய் உட்கார்ந்தான்.